நாக்பூர் பஞ்சாலையும் ஜாம்ஷெட்ஜி டாடாவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

டாடா என்றதும் நமக்கு உருக்கும் லாரியும் உப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாடா 1904இல் இறந்தபோது அவர் பெயரில் ஒரு உருக்காலை கூட இல்லை. அவர் சம்பாதித்தது பஞ்சில். அவரைத் தொழிலதிபராக ஆக்கியது நாக்பூரில் சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டிய ஒரு பஞ்சாலை.

அந்த எம்பிரஸ் மில்லைத்தான் இந்த ஆய்வு மையமாக எடுத்துக்கொள்கிறது. ஆலையை நடத்திய ஜாம்ஷெட்ஜியையும் கொடை கொடுத்த ஜாம்ஷெட்ஜியையும் தனித்தனி அத்தியாயங்களில் வைத்துப் பேசுவதுதான் வழக்கம். முன்னவர் லாபம் பார்த்தார், பின்னவர் தானம் செய்தார் என்று கதை முடிந்துவிடும். நாக்பூர் மில்லின் முதல் இருபது வருடங்களைக் கவனமாகப் பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்காது. தொழிலாளிக்கு ஓய்வூதியம் வைத்த மனிதர் எந்தக் கணக்கில் அதைச் செய்தாரோ, அதே கணக்கில்தான் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சொத்தையும் எழுதி வைத்தார் என்பது என் முடிவு.

பஞ்சு கொடுத்ததும் பஞ்சு பறித்ததும்

பிறந்தது 1839 மார்ச் 3, குஜராத்தின் நவ்சாரியில். பார்சி புரோகிதக் குடும்பம். அப்பா நசர்வான்ஜிதான் அந்த வம்சத்தில் முதலில் வியாபாரத்துக்குப் போனவர். மகன் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துவிட்டு 1859இல் ஹாங்காங் போனார். அங்கே குடும்பத்தின் வியாபாரம் பஞ்சும் அபினும். அபின் வியாபாரம் அன்று சட்டப்படியே நடந்தது, பம்பாயின் பெரிய வணிகக் குடும்பங்கள் பலவும் அதில் இருந்தன. இருந்தாலும் டாடாவின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிடக் கூடாது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்றது. இந்தியப் பஞ்சின் விலை ஏறிக்கொண்டே போனது, பம்பாயில் பணம் கொட்டியது. வங்கிகள், கடலைத் தூர்க்கும் கம்பெனிகள் என்று எதன் பங்கை எடுத்தாலும் விலை ஏறும் என்று நம்பினார்கள். 1865இல் போர் முடிந்தது, எல்லாம் சரிந்தது. லண்டனில் ஓர் இந்திய வங்கியைத் தொடங்கும் திட்டத்தோடு போயிருந்த ஜாம்ஷெட்ஜியின் கையில் இருந்த உண்டியல்கள், அதாவது பணம் தருவதாக எழுதிய வணிகச் சீட்டுகள், வெறும் காகிதமாயின. அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களை நேரில் சந்தித்து நிலைமையை அப்படியே சொன்னார். அவர்கள் அவரையே கணக்குத் தீர்க்கும் பொறுப்பில் அமர்த்தினார்கள். சம்பளம் மாதம் 20 பவுன்.

அப்புறம் 1867–68இல் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது போன பிரிட்டிஷ் படைக்குச் சரக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் அப்பாவுக்குப் பங்கு கிடைத்தது, குடும்பம் மறுபடி எழுந்தது. 1868இல் ஜாம்ஷெட்ஜி 21,000 ரூபாய் முதலீட்டில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருடம் பம்பாயின் சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். அலெக்ஸாண்ட்ரா மில் என்று பெயர் வைத்து இரண்டே வருடத்தில் நல்ல லாபத்துக்கு விற்றார். இதுவரைக்கும் அவர் ஒரு கெட்டிக்கார வியாபாரி, அவ்வளவுதான். விற்ற கையோடு லங்காஷயருக்குப் போய், அங்கே ஆலைகள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் பம்பாயை விட்டு விலகி இடம் தேடினார்.

ஏன் நாக்பூர்

இந்த முடிவு அன்று பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் பம்பாயின் முதல் நூற்பாலைக் கம்பெனியைத் தொடங்கியதிலிருந்து, ஆலை என்றாலே பம்பாய்தான். பெட்டிட் குடும்பமும் அங்கேதான் ஆலைகளை எழுப்பியது. துறைமுகம் பக்கம், கடன் கொடுக்கும் வங்கிகள் பக்கம், நூல் அறுந்துபோகாமல் காக்கிற கடற்காற்றும் பக்கம்.

ஜாம்ஷெட்ஜி வேறு மாதிரி யோசித்தார். பஞ்சு விளைவது நாக்பூரைச் சுற்றியுள்ள விதர்பாவில். அதை ரயிலேற்றி பம்பாய்க்குக் கொண்டுபோய், நூற்று, மறுபடி உள்நாட்டுக்கே ரயிலேற்றி விற்க வேண்டியிருந்தது. பஞ்சு விளையும் இடத்திலேயே ஆலை இருந்தால் இரண்டு பக்க ரயில் கூலியும் மிச்சம். ரயில் 1867இலேயே நாக்பூருக்கு வந்துவிட்டது. நிலக்கரிக்கு வரோரா பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் கைத்தறி நெசவாளர்கள் இருந்ததால் நூலுக்கு வாங்குபவர்களும் உண்டு. 1874இல் 15 லட்சம் ரூபாய் முதலீட்டில் சென்ட்ரல் இந்தியா ஸ்பின்னிங், வீவிங் அண்ட் மானுபேக்சரிங் கம்பெனி பதிவானது.

வாங்கிய நிலம் ஜும்மா தலாவ் ஏரிக்கரையில், சதுப்பு. பள்ளத்தை மண் போட்டுத் தூர்க்கவே பெரும் பணம் போனது. பங்கு வாங்கச் சொல்லிக் கேட்டபோது உள்ளூர் மார்வாடி ஒருவர், தங்கத்தை மண்ணில் கொட்டுகிறவரோடு தனக்கு வேலை இல்லை என்று மறுத்துவிட்டாராம். மண்ணைப் போட்டுத் தங்கத்தை எடுத்துவிட்டார் என்று பல வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்டதாகவும் சொல்வார்கள்.

1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அதே நாளில், ஆலை திறந்தது. எம்பிரஸ் மில் என்ற பெயர் அதனால்தான். நூல் நூற்கும் கதிர்கள் சுமார் 30,000, தறிகள் 450.

ஆலைக்குள்

ஆரம்பம் நன்றாக இல்லை. முதலில் வாங்கிய இயந்திரங்கள் மலிவானவை, தரமும் அதற்கேற்றபடிதான். கொஞ்ச காலத்திலேயே அவற்றை மாற்ற வேண்டி வந்தது. விலை குறைவான இயந்திரம் கடைசியில் விலை கூடியது என்ற பாடத்தை அவர் பிறகு மறக்கவில்லை.

ஆலையை நடத்த இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவர் லங்காஷயர்காரர் ஜேம்ஸ் புரூக்ஸ்பி, தொழில்நுட்பம் தெரிந்தவர். இன்னொருவர் பெசோன்ஜி தாதாபாய் மேத்தா. ரயில்வேயில் சரக்குப் பிரிவில் இருந்தவர், பஞ்சாலை அனுபவம் கிடையாது. ஆனால் ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர், நேரத்தை மதிப்பவர். எம்பிரஸ் மில்லின் வெற்றியில் பெரிய பங்கு பெசோன்ஜிக்கு உரியது என்றே நினைக்கிறேன். முதலாளி யோசிப்பார், பெசோன்ஜி அதைத் தினசரி வேலையாக மாற்றுவார்.

ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று லங்காஷயரில் மியூல் இயந்திரம்தான் ராஜா. மியூல் நூலை இழுத்து முறுக்கும், பிறகு நிறுத்தி அதைச் சுற்றும், மறுபடி இழுக்கும். விட்டு விட்டு ஓடுவதால் அதை ஓட்டப் பல வருடம் பழகிய ஆள் வேண்டும். ரிங் பிரேமில் முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே சமயத்தில், நிற்காமல் நடக்கும். வளையத்தின் மேல் ஓடும் சின்ன உலோகக் கண்ணி ஒன்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். புதிய ஆளுக்கும் சீக்கிரம் பழக்கிவிடலாம். லங்காஷயர் அதை நம்பவில்லை. பரம்பரையாக மியூல் ஓட்டிய தொழிலாளர்கள் அங்கே நிறைய இருந்ததால் மாற வேண்டிய அவசரமும் இல்லை. நாக்பூரில் அப்படிப்பட்ட பரம்பரை இல்லை. ஜாம்ஷெட்ஜி 1883இல் ரிங் பிரேமைப் பரிசோதித்துப் பார்த்தார், புரூக்ஸ்பி அதை வேகமாக ஓட்டிக் காட்டினார், ஆலை படிப்படியாக ரிங்குக்கு மாறியது. லங்காஷயரின் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் மியூலிலேயே நின்றது. பின்தங்கிய இடத்தில் தொடங்கியதே ஒரு வசதியாகிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கத் தைரியமும் பணமும் இருந்த ஒரு முதலாளியும் அங்கே இருந்தார்.

அடுத்தது நாக்பூர் வெயில். காய்ந்த காற்றில் பஞ்சு நூல் பட்டுப் பட்டென்று அறும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு கை ஓடிப்போய் முடிய வேண்டும், உற்பத்தி விழும். அதனால் ஆலைக்குள் காற்றில் ஈரம் சேர்க்கும் கருவிகளை வைத்தார், காற்றோட்டத்துக்கும் வழி செய்தார். தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களும் வந்தன. இந்திய ஆலைகளில் இவை அன்று புதியவை. நூலுக்காக வைத்த ஈரக் காற்றில் ஆளும் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார். ஆலைக்கு நல்லதையும் ஆளுக்கு நல்லதையும் ஒரே செலவில் செய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு இங்கேயே பிடிபட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் அவருடைய பெரிய தலைவலி இயந்திரம் இல்லை. ஆட்கள் வேலைக்கு வராததுதான். வயலில் அறுப்பு வந்தால் போய்விடுவார்கள், கல்யாணம் திருவிழா என்றால் போய்விடுவார்கள். பத்துக்கு இரண்டு பேர் வராத நாட்கள் சாதாரணம். பம்பாயில் பல ஆலைகள் இதை அபராதத்தாலும் மேஸ்திரியின் அதட்டலாலும் சமாளிக்கப் பார்த்தன. ஜாம்ஷெட்ஜி ஒழுங்காக வந்தவர்களுக்குப் பரிசு வைத்தார். விழா நடத்தி, கடிகாரமும் துணியும் நகையும் எல்லார் முன்னிலையிலும் கொடுத்தார். 1886இல் ஓய்வூதிய நிதி. 1895இல் விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு. 1901இல் வருங்கால வைப்பு நிதி.

இந்த வருடங்களைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால்தான் கனம் தெரியும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் வந்தது 1923இல். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல். நாக்பூரில் வைப்பு நிதி தொடங்கி அரை நூற்றாண்டு கழிந்த பிறகுதான் அது தொழிலாளியின் சட்ட உரிமையானது.

1895இல் ஆலை விரிவாக்க விழாவில் அவர் பேசிய பேச்சு இதற்கெல்லாம் விளக்கம். மற்றவர்களைவிடத் தாங்கள் தன்னலமற்றவர்கள் என்றோ பெரிய தர்மவான்கள் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை என்றார். நேர்மையான வியாபார நெறியில் தொடங்கினோம், பங்குதாரரின் நலனை எங்கள் நலனாக நினைத்தோம், தொழிலாளரின் உடல்நலமும் நல்வாழ்வுமே எங்கள் செழிப்பின் அஸ்திவாரம் என்பதே பேச்சின் சாரம். அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் எல்லாம் மேற்கோளாக வரும் இந்தப் பேச்சைப் பணிவு என்று படிப்பார்கள். எனக்கு அது ஒரு கணக்கர் தன் பேரேட்டைத் திறந்து காட்டுவதாகவே படுகிறது.

குர்லாவில் பட்ட பாடு

எல்லாம் வெற்றிதான் என்று நினைக்க வேண்டாம். 1886இல் பம்பாய்க்கு அருகில் குர்லாவில் தரம்சி மில் ஏலத்துக்கு வந்தது. 12.5 லட்சத்துக்கு வாங்கி சுதேசி மில் என்று பெயர் வைத்தார். வங்காளப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கத்துக்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே வைத்த பெயர். நயமான நூலை இந்தியாவிலேயே நூற்று லங்காஷயரோடு போட்டி போடுவது நோக்கம்.

ஆனால் இயந்திரங்கள் பழையவை, ஓட்டை உடைசல். சீனாவுக்குப் போன நூலின் தரம் பற்றிப் புகார் வந்தது. பங்கு விலை விழுந்தது, டாடா பெயருக்கே கெட்ட பேர் வரும் நிலை. நாக்பூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார், சொந்தப் பணத்தை இறக்கினார், எம்பிரஸ் பங்குகளை விற்றார். இயந்திரங்களை மாற்றி ஆலையை நிமிர்த்த வருடக்கணக்கில் ஆனது. பங்குதாரர்களுக்காக ஆலையை நடத்திய அந்தக் காலத்து மேனேஜிங் ஏஜென்டுகள் உற்பத்தியான நூலின் எடைக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுத்தார்கள். ஆலை நஷ்டத்தில் ஓடினாலும் ஏஜென்டுக்குப் பணம் வந்துவிடும். சுதேசி மில்லில் ஜாம்ஷெட்ஜி அந்த முறையை விட்டு, லாபத்தில் பங்கு என்று மாற்றிக்கொண்டார். சக முதலாளிகளுக்கு இது பிடித்திருக்காது.

கப்பல் கம்பெனிகளோடும் மோதினார். பம்பாய் நூல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகும் பாதை பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது, அவர்கள் வைத்ததே சரக்குக் கட்டணம். 1893இல் அவர் ஜப்பான் போய் நிப்பான் யூசென் கைஷா என்ற ஜப்பானியக் கப்பல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, தானும் கப்பலை வாடகைக்கு எடுத்து டாடா லைன் தொடங்கினார். பி அண்ட் ஓ கட்டணத்தை டன்னுக்கு ஒன்றரை ரூபாய் வரை இறக்கியது. ஆதரவு தருவதாகச் சொன்ன பம்பாய் ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டாடா லைன் மூடப்பட்டது.

அந்த ஜப்பான் பயணத்தில்தான், சிகாகோ போய்க்கொண்டிருந்த விவேகானந்தரோடு ஒரே கப்பலில் போனார்.

கொடை

பம்பாயின் பார்சி ஆலை முதலாளிகளுக்குக் கொடை புதிதில்லை. தின்ஷா மானெக்ஜி பெட்டிட் பரேலில் மனைவி சகர்பாய் பெயரில் விலங்குகளுக்கு மருத்துவமனை கட்டினார். பாம்பே டையிங் வாடியா குடும்பத்தின் பெயரில் 1926இல் மகப்பேறு மருத்துவமனையும் 1929இல் குழந்தைகள் மருத்துவமனையும் மில் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த அதே பரேலில் எழுந்தன. இன்றும் அங்கே பிரசவமும் சிகிச்சையும் நடக்கிறது. கண் முன்னால் இருக்கும் துன்பத்துக்கு உடனே கை கொடுக்கும் கொடை இது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஜாம்ஷெட்ஜி தேர்ந்தெடுத்த வழி வேறு. பலவீனமானவரைத் தாங்கிப் பிடிப்பதைவிடத் திறமையானவரை உயரத் தூக்கிவிட்டால் நாடு முழுவதும் பயன்பெறும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பட்டினியும் பிளேக்கும் இருந்த நாட்டில் இது கொஞ்சம் கடினமான வாதம்தான். முழுக்க ஏற்க எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் நாக்பூரில் ரிங் பிரேமும் ஓய்வூதியமும் செய்ததைப் பார்த்தவருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். சரியான இடத்தில் போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

1892இல் ஜே. என். டாடா கல்வி நிதியைத் தொடங்கினார். வெளிநாடு போய் உயர்கல்வி படிக்க விரும்புகிறவர்களுக்குப் பணம், ஆனால் கடனாக. படித்து முடித்துச் சம்பாதிக்கும்போது திருப்ப வேண்டும், அந்தப் பணத்தில் அடுத்தவர் போவார். முதலில் பார்சிகளுக்கு மட்டும், 1894இலிருந்து எல்லாருக்கும். தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு பெண் மருத்துவரும் போனார். 1924 வாக்கில் ஐ.சி.எஸ். என்ற அன்றைய உயர் அரசுப் பணிக்கு வந்த இந்தியர்களில் ஐந்துக்கு இரண்டு பேர் இந்த நிதியில் படித்தவர்கள் என்று கணக்குச் சொல்வார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணனும் இதில் படித்தவர்.

அடுத்தது விஞ்ஞானக் கழகம். பம்பாயில் தனக்கிருந்த 14 கட்டடங்களையும் 4 மனைகளையும் தருவதாக 1898இல் அறிவித்தார். மதிப்பு 30 லட்சம் ரூபாய், கிட்டத்தட்ட அவர் சொத்தில் பாதி. ஒருமுறை கொட்டிவிட்டுப் போகும் பணம் இல்லை இது, வருடா வருடம் வாடகை வரும் சொத்து. ஆலைக்கு முதல் போடுகிறவர் யோசிக்கும் விதத்தில் யோசித்திருக்கிறார். கல்வியாளர் பர்ஜோர்ஜி பாட்ஷாவை மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பார்த்துவர அனுப்பினார். 1898 நவம்பர் 23 அன்று விவேகானந்தருக்குக் கடிதம் எழுதி, கப்பலில் பேசியதை நினைவுபடுத்தி, இந்த முயற்சிக்கு மக்களிடையே ஆதரவு திரட்டக் கேட்டார்.

வைஸ்ராய் கர்சன் பம்பாயில் இறங்கிய மறுநாளே, 1898 டிசம்பர் 31 அன்று, கழகத்துக்கான திட்டத்தை வகுத்த குழு அவரைப் பார்த்தது. கர்சனுக்குச் சந்தேகம். படிக்க மாணவர் வருவார்களா, படித்தால் வேலை உண்டா என்று கேட்டார். 1900இல் வேதியியலாளர் வில்லியம் ராம்சே வந்து ஆராய்ந்து பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலமும் ஆண்டு மானியமும் தர முன்வந்தது. அந்த ஆதரவில் பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்ரி ஐயருக்குப் பங்கு உண்டு. டாடாவுக்கும் மைசூருக்கும் இதற்கு முன்பே தொடர்பு இருந்தது. ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்து பெங்களூரில் பட்டுப் பண்ணை வைத்தவர் அவர். பசவனகுடிப் பக்கத்தில் டாடா சில்க் பார்ம் என்ற இடப்பெயர் இன்றும் இருக்கிறது.

இந்திய அரசின் ஒப்புதல் இழுத்தடித்தது. 1904 மே 19 அன்று ஜெர்மனியின் பாட் நௌஹைமில் ஜாம்ஷெட்ஜி இறந்தபோது ஒரு செங்கல் கூட வைக்கப்படவில்லை. மகன்கள் தோராப்ஜியும் ரத்தன்ஜியும் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 1909 மே 27 அன்று கழகம் சட்டப்படி உருவானது, 1911இல் மாணவர்கள் வந்தார்கள். தன் பெயரை வைக்கக் கூடாது என்பது ஜாம்ஷெட்ஜியின் விருப்பம், அதன்படி இந்திய விஞ்ஞானக் கழகம் என்றே பெயர். 1933இல் அதன் முதல் இந்திய இயக்குநராக வந்தவர் சி. வி. ராமன்.

கணக்கில் வராதவை

இந்த ஆய்வை இங்கே நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தங்களில் ஒன்று இதே எம்பிரஸ் மில்லில், திறந்த அதே 1877இல், நெசவாளர்கள் கூலி விகிதத்துக்காகச் செய்தது. ஓய்வூதியமும் பரிசும் அதற்குப் பிறகு வந்தவை. வேலைநிறுத்தம்தான் அவற்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நலத்திட்டங்களின் பட்டியலை எடுத்து வைக்கிறவர்கள் அந்த வேலைநிறுத்தத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். தங்கள் உழைப்புக்கு என்ன விலை என்று தொழிலாளர்கள் முதலாளிக்கு முன்பே பேசிவிட்டார்கள்.

வேலை நேரமும் அப்படித்தான். 1881 தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்க அனுமதித்தது, ஒன்பது மணி நேரம் வரை. வயது வந்த ஆண்களுக்கு உச்சவரம்பே இல்லை. பஞ்சாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது 1911 சட்டம். எம்பிரஸ் மில்லின் பெருமைக்குரிய வருடங்கள் எல்லாம் இந்தச் சூழலில்தான் ஓடின. ஈரக் காற்றும் வைப்பு நிதியும் இருந்த ஆலையிலும் அன்றைய வேலை நாள் மிக நீண்டதுதான். அதோடு, ஒரு நல்ல முதலாளி கொடுத்ததை அடுத்த முதலாளி கொடுக்காமல் விட அன்று எந்தத் தடையும் இல்லை. நாக்பூரில் இழப்பீடு கிடைத்த அதே வருடங்களில், வேறொரு ஆலையில் கை போனவருக்கு முதலாளியின் மனம்தான் சட்டம்.

டாடாக்களின் உருக்காலையில் 1912இல் எட்டு மணி நேர வேலை வந்தது. எம்பிரஸ் மில் 1986இல் மகாராஷ்டிர அரசின் ஜவுளிக் கழகத்திடம் போய், 2002இல் மூடப்பட்டது. நாட்டின் பஞ்சாலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்பது சட்டமாக 1946 ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1912க்கும் 1946க்கும் இடைப்பட்ட வருடங்களில் பம்பாயிலும் மற்ற ஊர்களிலும் ஆலை வாசல்களில் திரும்பத் திரும்ப நடந்த போராட்டங்கள்.